சட்டம் போடுகிறவர்களின் சம்பளத்தை யார் போடுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.பி.க்களுக்குச் சம்பளம் உயர்ந்தது என்று செய்தி வந்தால் இரண்டு நாள் எல்லோரும் கோபப்படுகிறோம், மூன்றாம் நாள் மறந்துவிடுகிறோம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அது தொகையின் மேலேயே போய் விழுகிறது. எவ்வளவு என்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அதை முடிவு செய்தது யார், எந்த வழியில், எந்தத் தேதியிலிருந்து என்று கேட்பதே இல்லை. எனக்கு இதில் ரொம்ப நாளாக ஈடுபாடு உண்டு என்பதால் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். எல்லா மக்களாட்சிகளுக்கும் பொதுவான சிக்கல் இது, அதனால் உதாரணங்களும் பல நாடுகளிலிருந்து வரும்.

தங்கள் சம்பளத்தைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள் என்பது உண்மையா?

பல நாடுகளில் உண்மைதான். இந்திய அரசியலமைப்பின் 106வது பிரிவு, எம்.பி.க்களின் சம்பளத்தையும் படிகளையும் நாடாளுமன்றமே சட்டம் போட்டு முடிவு செய்யலாம் என்கிறது. 195வது பிரிவு அதே அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றங்களுக்குத் தருகிறது. 1954ல் வந்த சட்டப்படி எம்.பி.யின் மாதச் சம்பளம் 400 ரூபாய். அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஒவ்வொரு உயர்வும் ஒரே வழியில்தான் வந்தது: உறுப்பினர்கள் இருக்கிற அவையில் மசோதா வரும், உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு நிறைவேற்றுவார்கள். தமிழ்நாட்டில் 2017ல் எம்.எல்.ஏ.க்களின் மாத வருமானம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாகும் என்று அறிவிப்பு வந்ததே, அதுவும் இப்படித்தான்.

அமெரிக்காவிலும் அடிப்படை இதுதான். காங்கிரஸ் உறுப்பினர்களின் ஊதியம் சட்டத்தால் முடிவு செய்யப்பட்டு, மத்தியக் கருவூலத்திலிருந்து தரப்படும் என்று அவர்களுடைய அரசியலமைப்பின் முதல் உறுப்பே சொல்கிறது. அந்தச் சட்டத்தைப் போடுகிறவர்களும் அதே உறுப்பினர்கள்தான்.

இது அநியாயமாகத் தெரிகிறதே, ஆரம்பத்திலேயே ஏன் இப்படி வைத்தார்கள்?

ஏனென்றால் அவர்கள் பயந்தது வேறொன்றுக்கு. சம்பளத்தை மன்னரோ பிரதமரோ முடிவு செய்தால், எதிர்த்துப் பேசுகிற உறுப்பினரின் சம்பளத்தை அவரால் நிறுத்திவிட முடியும், பணப்பையை யார் பிடித்திருக்கிறாரோ அவர் சொல்வதுதான் அவையில் நடக்கும். 1787க்கு முன் அமெரிக்காவில் பிரதிநிதிகளுக்கு அந்தந்த மாநிலங்களே சம்பளம் கொடுத்தன, அதனால் தேசத்துக்காக யோசிக்க வேண்டியவர்கள் மாநிலத்தின் முகத்தைப் பார்த்தே ஓட்டுப் போட வேண்டியிருந்தது. அந்தக் கையிலிருந்து விடுவிக்கத்தான் மத்தியக் கருவூலத்துக்கு மாற்றினார்கள்.

ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் இதை நேராகவே சொல்கிறது: உறுப்பினர்களின் சுதந்திரத்தைக் காக்கப் போதுமான ஊதியம் அவர்களின் உரிமை (48வது பிரிவு). அதனால் சுதந்திரத்துக்காக வைத்த ஏற்பாடு இது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பக்க விளைவுதான் நம்மைக் கோபப்படுத்துகிறது.

மக்கள் சேவைக்கு எதற்குச் சம்பளம்? முன்பெல்லாம் சும்மாதானே செய்தார்கள்?

சும்மா செய்தவர்கள் யார் என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். பிரிட்டனில் இடைக்காலத்தில் உறுப்பினர்களுக்கு அவர்களை அனுப்பிய ஊர்களே கூலி கொடுத்தன. மாவட்டப் பிரதிநிதிக்கு நாளொன்றுக்கு 4 ஷில்லிங், நகரப் பிரதிநிதிக்கு 2 ஷில்லிங். பிறகு அந்த வழக்கம் நின்றுபோனது. அதற்கப்புறம் நிலமும் வாடகை வருமானமும் உள்ளவர்களால்தான் அங்கே போய் உட்கார முடிந்தது. தொழிலாளி ஒருவர் ஜெயித்தாலும் ஆறு மாதம் வேலைக்குப் போகாமல் குடும்பத்தை எப்படி ஓட்டுவார்?

அதனால்தான் 1838ல் சார்ட்டிஸ்ட் இயக்கத்துத் தொழிலாளர்கள் தங்கள் சாசனத்தில் வைத்த ஆறு கோரிக்கைகளில் எம்.பி.க்களுக்குச் சம்பளம் என்பதும் ஒன்று. ஓட்டுரிமையோடும் ரகசிய வாக்கெடுப்போடும் சேர்த்து அதைக் கேட்டிருக்கிறார்கள், சம்பளம் கேட்டது ஏழைகளின் இயக்கம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கோரிக்கை நிறைவேற 73 வருடம் ஆனது. அதற்கும் ஒரு நெருக்கடி தேவைப்பட்டது: தொழிற்சங்கங்கள் தங்கள் நிதியிலிருந்து உறுப்பினர்களுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தன, 1909ல் ஆஸ்பர்ன் வழக்குத் தீர்ப்பு அதைத் தடுத்துவிட்டது. 1911ல் லாயிட் ஜார்ஜ் நிதியமைச்சராக இருந்தபோது ஆண்டுக்கு 400 பவுண்டு சம்பளம் வந்தது.

இன்றைக்கும் சம்பளம் இல்லாமல் நடத்திப் பார்க்கிற இடங்கள் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1889லிருந்து உறுப்பினருக்கு இரண்டு வருடப் பதவிக்காலம் முழுமைக்கும் 200 டாலர், அவ்வளவுதான். கீழவையில் மட்டும் 400 பேர். மக்களுக்குப் பக்கத்தில் இருக்கிற அவை என்று அதைப் புகழ்கிறவர்கள் உண்டு, ஆனால் வாரச் சம்பளத்தில் வாழ்கிற, கைக்குழந்தை வைத்திருக்கிற ஒருவர் அங்கே போய் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, மக்கள் எதிர்த்தால் சம்பள உயர்வைத் திரும்ப வாங்க முடியுமா?

வாங்கியிருக்கிறார்கள், இரண்டு தடவை. 1816ல் அமெரிக்க காங்கிரஸ் நாளுக்கு 6 டாலர் என்றிருந்ததை ஆண்டுக்கு 1,500 டாலர் என்று மாற்றியது. ஊர் ஊராகக் கண்டனக் கூட்டம் நடந்தது, அந்தத் தேர்தலுக்குப் பிறகு பாதிக்கும் மேற்பட்டோர் அவைக்குத் திரும்பவில்லை, சட்டமும் மறு வருடமே ரத்தானது.

1873ல் நடந்தது இன்னும் மோசம். பதவிக்காலம் முடிகிற கடைசி நேரத்தில் 5,000 டாலரை 7,500 ஆக்கினார்கள். அதோடு நிற்காமல், முடிந்துபோன இரண்டு வருடத்துக்கும் முன்தேதியிட்டு வாங்கிக்கொண்டார்கள், ஆளுக்கு 5,000 டாலர் நிலுவை. பத்திரிகைகள் இதைச் சம்பளக் கொள்ளை என்றே எழுதின. சிலர் பயந்து பணத்தைத் திருப்பிக் கட்டினார்கள், 1874 தொடக்கத்தில் காங்கிரஸ் தன் உயர்வைத் தானே ரத்து செய்தது. உயர்வு என்றால்கூட மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், முன்தேதியிட்டு எடுத்துக்கொள்வதைத்தான் பொறுப்பதில்லை.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு திருத்தம் இருக்கிறதாமே?

அவர்களுடைய அரசியலமைப்பின் 27வது திருத்தம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த கதை இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1789ல், அந்த அரசியலமைப்பை எழுதியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் முன்வைத்தது அது. சாரம் ஒரே வரி: உறுப்பினர்களின் ஊதியத்தை மாற்றுகிற எந்தச் சட்டமும், இடையில் ஒரு கீழவைத் தேர்தல் நடந்து முடியும் வரை நடைமுறைக்கு வரக்கூடாது. நீங்கள் உயர்த்தலாம், ஆனால் அது அடுத்த அவைக்குத்தான். அடுத்த அவையில் நீங்கள் இருப்பீர்களா என்பதை மக்கள் சொல்வார்கள். அன்றைக்கு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட பன்னிரண்டு திருத்தங்களில் பத்து 1791ல் நிறைவேறின, இது போதுமான மாநிலங்கள் கிடைக்காமல் நின்றுபோனது. 1873ல் அந்தச் சம்பளக் கொள்ளை நடந்தபோது ஒஹையோ மாநிலம் மட்டும் கோபத்தில் இதைத் தூசிதட்டி எடுத்து ஒப்புதல் கொடுத்தது. பிறகு மறுபடியும் தூக்கம்.

1982ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கிரிகரி வாட்சன் என்ற மாணவர் ஒரு பாடத்துக்குக் கட்டுரை எழுத நூலகத்தில் தேடியபோது இதைக் கண்டார். காலக்கெடு எதுவும் குறிப்பிடாமல் அனுப்பப்பட்ட திருத்தம் என்பதால் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று வாதிட்டு எழுதினார். கட்டுரைக்குக் கிடைத்தது சி கிரேடு. மனிதர் விடவில்லை, மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். ஒவ்வொரு மாநிலமாக ஒப்புதல் கொடுத்தது, 1992 மே மாதம் தேவையான எண்ணிக்கை சேர்ந்தது. எழுதி 202 வருடம் கழித்து அது சட்டமானது. 2017ல் பல்கலைக்கழகம் அவருடைய கிரேடையும் ஏ என்று திருத்தியது.

அப்படியானால் அங்கே பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

இல்லை, அங்கே கதை எதிர்ப்பக்கம் போய்விட்டது. 1989ல் ஒரு சட்டம் போட்டு, வருடா வருடம் தனியார் துறைக் கூலி உயர்வுக்கேற்பத் தானாக உயரும் ஏற்பாடு செய்தார்கள், 1994ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது 27வது திருத்தத்துக்கு முரணில்லை என்றது. ஆனால் 2009லிருந்து ஒவ்வொரு வருடமும் காங்கிரஸே அந்தத் தானியங்கி உயர்வை நிறுத்தி வைக்கிறது, தேர்தலில் எதிராளி அதையே விளம்பரமாகப் போடுவார் என்ற பயம்தான் காரணம். இதனால் ஆண்டுக்கு 1,74,000 டாலர் என்பது அப்படியே உறைந்து கிடக்கிறது, விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் அதன் மதிப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிட்டது.

இன்னும் அது பெரிய சம்பளம்தான், நான் அதற்காக வருத்தப்படச் சொல்லவில்லை. ஆனால் தலைநகரில் ஒன்று, தொகுதியில் ஒன்று என்று இரண்டு வீடு நடத்த வேண்டிய வேலையில், சொந்தப் பணம் இல்லாதவர்கள்தான் முதலில் வெளியேறுவார்கள்.

பிரிட்டனில் 2009ல் நடந்தது என்ன?

சம்பளத்தை உயர்த்தப் பயந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. அங்கே பல வருடங்களாக அரசுகள் எம்.பி. சம்பளத்தை உயர்த்தினால் கெட்ட பெயர் வரும் என்று அதைத் தள்ளிப்போட்டன, அதற்குப் பதிலாகப் படிகளைத் தாராளமாக விட்டன. வெளியே தெரிகிற சம்பளம் ஒல்லியாக இருந்தது, வெளியே தெரியாத படி கொழுத்தது. 2009ல் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை அந்த பில்களை நாள்தோறும் வெளியிட ஆரம்பித்தது. மாளிகையைச் சுற்றியுள்ள அகழியைச் சுத்தம் செய்ததற்கு ஒரு கணக்கு. குளத்தில் வாத்துகளுக்குக் குட்டி வீடு வாங்கிய 1,645 பவுண்டு பில் ஒன்று. படிகளைக் கவனிக்கிற நாடாளுமன்ற அலுவலகம் அதை ஏற்கவில்லை, ஆனால் அதை அனுப்பலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, மக்கள் மனதில் நின்றது அதுதான். சபாநாயகர் பதவி விலகினார், பொய்க்கணக்குக் காட்டிய சிலர் சிறைக்கே போனார்கள்.

அந்த வருடமே சட்டம் போட்டு ஒரு தனி ஆணையத்தை அமைத்தார்கள். முதலில் படிகளை மட்டும் பார்த்த அது, 2011லிருந்து சம்பளத்தையும் முடிவு செய்கிறது. எம்.பி.க்கள் ஓட்டுப் போட வேண்டியதில்லை. 2015ல் ஆணையம் 67,060 பவுண்டிலிருந்து 74,000 பவுண்டாக உயர்த்தியபோது கட்சித் தலைவர்களே எதிர்த்தார்கள், ஆணையம் கேட்கவில்லை. அந்த உயர்வோடு ஓய்வூதியத்தையும் பதவி முடியும்போது தருகிற தொகையையும் குறைத்தது. 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 93,904 பவுண்டு ஆனது. எம்.பி.க்கள் காட்டுகிற செலவுக் கணக்குகளை இப்போது யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம்; சம்பளத் தொகையைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆணையம் அமைத்தால் போதுமா?

போதாது. கென்யாவைப் பாருங்கள். 2010ல் வந்த புதிய அரசியலமைப்பு சம்பளங்களுக்கென்றே ஓர் ஆணையத்தை உருவாக்கியது. 2013ல் அது எம்.பி.க்களின் மாதச் சம்பளத்தை 8,51,000 ஷில்லிங்கிலிருந்து 5,32,500 ஆகக் குறைத்தது. புதிதாகத் தேர்வான உறுப்பினர்கள் கொதித்தெழுந்து அந்த அறிவிப்பையே ரத்து செய்ய ஓட்டுப் போட்டார்கள். மக்கள் நாடாளுமன்ற வாசலுக்குப் பன்றிகளை ஓட்டிக்கொண்டு வந்து விலங்கு ரத்தத்தைக் கொட்டிப் போராடினார்கள். கடைசியில் சம்பளத்தில் ஆணையத்தின் தொகை நின்றது, ஆனால் கார் வாங்க ஆளுக்கு 50 லட்சம் ஷில்லிங் மானியமும் சேர்ந்து வந்தது. முன்வாசலை மூடினால் பின்வாசல் வழியாக வரும். ஆணையத்துக்குப் படி, கார், வீடு எல்லாவற்றின் மேலும் அதிகாரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி வேலைதான் நடக்கும்.

விலைவாசியோடு கட்டிவிட்டால் யாரும் ஓட்டுப் போடவே வேண்டாமே?

நல்ல வழிதான், எதோடு கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து.

இந்தியாவில் 2018ல் எம்.பி. சம்பளத்தை ஒரு லட்சம் ரூபாயாக உயர்த்தியபோது, 2023 ஏப்ரலிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பணவீக்கக் குறியீட்டின்படி மாற வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அவையில் தங்களுக்குத் தாங்களே ஓட்டுப் போடும் காட்சி அதோடு போனது, அது முன்னேற்றம்தான். அதற்கு முன் 2010ல் நடந்தது நினைவிருக்கலாம்: உறுப்பினர்கள் குழு 80,001 ரூபாய் கேட்டது, அரசுச் செயலாளரின் 80,000த்தைவிட ஒரு ரூபாய் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதற்காக, அமைச்சரவை கொடுத்தது 50,000. அந்த ஒரு ரூபாய்ப் பேரம் இப்போது இல்லை. ஆனால் புதிய ஏற்பாட்டின்படி சம்பளம் 1,24,000 ரூபாய் என்று அறிவிப்பு வந்தது 2025 மார்ச்சில், நடைமுறைக்கு வந்ததோ 2023 ஏப்ரலிலிருந்து. ஏறத்தாழ இரண்டு வருட நிலுவை. சட்டப்படி சரி, ஆனால் உரிய நேரத்தில் அறிவித்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

ஜெர்மனி வேறு மாதிரி கட்டியது. அங்கே 2016லிருந்து நாட்டில் மற்றவர்களின் சராசரிக் கூலி எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுதான் உறுப்பினர்களுக்கும், ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் மாறும், புதிய அவை வந்ததும் இதைத் தொடரலாமா என்று வெளிப்படையாக ஓட்டெடுக்க வேண்டும். கொரோனா காலத்தில் தொழிலாளர்களின் வருமானம் குறைந்தபோது, 2021ல் உறுப்பினர்களின் சம்பளமும் மாதம் 10,083 யூரோவிலிருந்து 10,012 யூரோவாகக் குறைந்தது. எழுபது யூரோ பெரிய தொகையில்லைதான். ஆனால் என் கூலி இறங்கினால் என் பிரதிநிதியின் கூலியும் இறங்கும் என்ற உறவு இருக்கிறதே, விலைவாசிக் குறியீட்டால் அதைத் தர முடியாது, ஏனென்றால் விலைவாசி ஏறும்போது நம்மில் பலருக்குச் சம்பளம் ஏறுவதில்லை.

அவர்கள் வாங்குவது உண்மையில் எவ்வளவு? செய்தியில் வருவது பாதிதானாமே?

சம்பளம் ஒரு வரி, படிகள் பல வரி. இந்திய எம்.பி.க்கு 1,24,000 ரூபாய் சம்பளம், தொகுதிப் படி 87,000, அலுவலகச் செலவுக்கு 75,000 (இதில் பெரும்பகுதி உதவியாளர் சம்பளம்), கூட்டத்தொடர் நாட்களில் தினப்படி 2,500. அதோடு டெல்லியில் வீடு, வருடத்துக்கு 34 விமானப் பயணம், ஓர் அளவு வரை இலவச மின்சாரமும் தண்ணீரும். சம்பளத்துக்கு வருமான வரி உண்டு, தினப்படிக்கும் தொகுதிப் படிக்கும் கிடையாது.

இதில் உதவியாளர் சம்பளத்தையும் தொகுதி அலுவலக வாடகையையும் ‘எம்.பி. வாங்குகிற பணம்’ என்று சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அது வேலைக்கான செலவு. அதே நேரத்தில் ரசீது கேட்காமல் கொடுக்கிற எந்தப் படியும் வேறு பெயரில் வருகிற சம்பளம்தான். 2025 ஆகஸ்டில் இந்தோனேசியாவில் ஊர் ஊராகப் போராட்டம் வெடித்ததற்கு ஒரு முக்கியக் காரணம் உறுப்பினர்களுக்கு மாதம் 5 கோடி ருபியா வீட்டுப்படி என்ற செய்தி. தலைநகரின் குறைந்தபட்சக் கூலியைப் போல அது கிட்டத்தட்ட பத்து மடங்கு. உயிர்கள் போன பிறகுதான் அதை நிறுத்தினார்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதி 5 கோடியும் அவர்கள் கைக்கு வருவதா?

இல்லை. வேலையை எம்.பி. பரிந்துரைப்பார், பணம் மாவட்ட நிர்வாகத்தின் வழியாகச் செலவாகும். அதில் முறைகேடு நடந்தால் அது வேறு வழக்கு, சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அதிகச் சம்பளம் கொடுத்தால் நல்லவர்கள் வருவார்களா?

ஆய்வுகள் ஒரே பக்கம் சாயவில்லை. பிரேசிலில் நகர்மன்ற உறுப்பினர் சம்பளத்துக்கு மக்கள்தொகையைப் பொறுத்து உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த மக்கள்தொகை அளவுக்குச் சற்றுக் கீழும் சற்று மேலும் உள்ள ஊர்களை ஒப்பிட்ட பொருளியலாளர்கள், சம்பளம் கூடிய இடத்தில் போட்டியும் படித்த வேட்பாளர்களும் கொஞ்சம் கூடுவதையும், அவையில் வேலை கூடுவதையும் கண்டார்கள். இத்தாலிய மேயர்களை வைத்துச் செய்த ஆய்வும் ஏறக்குறைய அதையே சொன்னது. ஆனால் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 2009ல் எல்லா நாட்டு உறுப்பினர்களுக்கும் ஒரே சம்பளம் வந்தபோது, சிலருக்குப் பல மடங்கு உயர்ந்தும் அவர்களின் உழைப்பு கூடியதாகத் தெரியவில்லை; மறுபடியும் நிற்கிற ஆசை மட்டும் கூடியது.

சிங்கப்பூர் அமைச்சர்களின் சம்பளத்தை அதிகம் சம்பாதிக்கிற 1,000 குடிமக்களை வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் வருகிற வருமானத்தோடு கட்டி, அதில் 40 சதவீதத்தைச் சேவைக்காகக் கழிக்கிறது. அந்த 40 சதவீதமே 2011 தேர்தலில் மக்கள் காட்டிய அதிருப்திக்குப் பிறகு, பெரிய வெட்டோடு சேர்ந்து வந்ததுதான்.

என் கணிப்பு இது: சம்பளம் மிகக் குறைவாக இருந்தால் நல்லவர்கள் வரமாட்டார்கள் என்பது நிச்சயம், மிக அதிகமாக இருந்தால் வருவார்கள் என்பது நிச்சயமில்லை.

அவையில் அமளி செய்கிறார்கள், வருவதே இல்லை. வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை என்று வைத்தால் என்ன?

கேட்கும்போது இனிக்கிறது. இந்தியாவில் கையெழுத்துப் போட்டால்தான் தினப்படி என்ற விதி இருக்கிறது, மாதச் சம்பளத்துக்கு அப்படி இல்லை. 2018 பட்ஜெட் கூட்டத்தொடர் அமளியில் போனபோது ஆளும் கூட்டணி எம்.பி.க்கள் 23 நாள் சம்பளத்தை வாங்கமாட்டார்கள் என்று அறிவிப்பும் வந்தது. கலிஃபோர்னியாவில் 2010ல் மக்களே ஓட்டுப் போட்டு, பட்ஜெட் தாமதமானால் உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே மாநிலக் கணக்கு அதிகாரி, நிறைவேறிய பட்ஜெட்டில் வரவும் செலவும் சமமாக இல்லை என்று சொல்லிச் சம்பளத்தை நிறுத்தினார். பிறகு நீதிமன்றம் சொன்னது: பட்ஜெட் சரியா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை.

எனக்கு இந்த யோசனையில் பயம் இருப்பது இந்த இடத்தில்தான். வேலை நடந்ததா என்று யார் சொல்வது? வெளிநடப்பு என்பது எதிர்க்கட்சிக்கு இருக்கிற சில ஆயுதங்களில் ஒன்று, அதற்குச் சம்பளப் பிடித்தம் என்றால் ஏழை உறுப்பினர்தான் முதலில் வாயை மூடுவார், கோடீஸ்வரருக்கு ஒன்றும் ஆகாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தக் கூடாது. காரணமே இல்லாமல் வராதவர்களின் படியைப் பிடிப்பது வேறு, அது நியாயம்.

அப்படியானால் அவர்கள் இந்தச் சம்பளத்துக்குத் தகுதியானவர்களா?

ஒருவரைப் பார்த்தால் இரண்டு மடங்கு கொடுக்கலாம் என்று தோன்றும், அடுத்தவரைப் பார்த்தால் ஒரு ரூபாய்கூட அதிகம். சம்பளம் ஆளுக்கு இல்லை, நாற்காலிக்கு. அந்த நாற்காலியின் வேலை என்ன? மசோதாவை வரி வரியாகப் படிப்பது, அதிகாரிகளைக் கேள்வி கேட்பது, மனுவோடு வருகிறவர்களைப் பார்ப்பது. கேமரா இல்லாத நிலைக்குழு அறையில்தான் நிஜமான உழைப்பு நடக்கும். இந்தியாவில் துறைவாரியாக 24 குழுக்கள், குழுவுக்கு 31 பேர். 15வது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின, 17வது மக்களவையில் 16 சதவீதம்தான். சம்பளத்தைப் பற்றிக் கோபப்படுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்துக் கோபப்பட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அரசுச் செயலாளரின் அடிப்படைச் சம்பளமே 2,25,000 ரூபாய் இருக்கும்போது, அவரை விசாரிக்க வேண்டிய உறுப்பினருக்கு 1,24,000 என்பது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. விசாரிக்காமலே சம்பளம் வாங்கும் நிலைமையைத்தான் ஏற்க முடியவில்லை.

பதவி போன பிறகும் ஓய்வூதியம் ஏன்?

இந்தியாவில் முன்னாள் எம்.பி.க்கு மாதம் 31,000 ரூபாய், ஐந்து வருடத்துக்கு மேல் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 2,500 கூடுதல். குறைந்தபட்சக் காலம் என்று ஒன்று இப்போது இல்லை. இதை எதிர்த்துப் போட்ட வழக்கை 2018ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, இது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்பதுதான் காரணம். பஞ்சாப் 2022ல் எத்தனை முறை எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் ஒரே ஓய்வூதியம் என்று சட்டம் போட்டது. என்னைக் கேட்டால் ஓய்வூதியம் இருக்கட்டும், மற்ற ஊழியர்களைப் போல அவர்களும் மாதாமாதம் பங்கு கட்டட்டும்.

வெளியே வேறு தொழில் செய்து சம்பாதிக்கலாமா?

நாட்டுக்கு நாடு மாறும். நான் முன்னே சொன்ன 1989 அமெரிக்கச் சட்டம் ஒரு கொடுக்கல் வாங்கல்: சம்பளத்தை உயர்த்தியது, பதிலுக்குக் கூட்டங்களில் பேசி வாங்குகிற கட்டணத்தைக் கீழவையில் தடுத்தது, மற்ற உழைப்பு வருமானத்துக்கும் உச்சவரம்பு வைத்தது. சம்பள உயர்வோடு இப்படி ஒரு நிபந்தனையும் வந்தால் நானே ஆதரிப்பேன்.

நீங்கள் விதி எழுதினால் எப்படி எழுதுவீர்கள்?

தொகையை உறுப்பினர்கள் அல்லாத ஆணையம் சொல்ல வேண்டும், அந்த ஆணையத்துக்குள் முன்னாள் உறுப்பினர்கள் சிறுபான்மையாக இருக்கலாம். சம்பளம், படி, வீடு, ஓய்வூதியம் எல்லாம் ஒரே தாளில் வர வேண்டும். உயர்வு அடுத்த அவைக்குத்தான், நிலுவை என்ற பேச்சே கூடாது. வருடாந்தர மாற்றம் மக்களின் சராசரிக் கூலியோடு போக வேண்டும், ஏறினாலும் இறங்கினாலும். ரசீது இல்லாத படி கூடாது. இதில் எதுவும் கற்பனை இல்லை, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு வடிவில் நடக்கிறதுதான், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்த நாட்டைத்தான் இன்னும் நான் பார்க்கவில்லை.

சம்பளமே வேண்டாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னால் பாராட்ட வேண்டாமா?

தனிப்பட்ட முறையில் பாராட்டலாம். அதையே எல்லோருக்கும் விதியாக்குங்கள் என்று யாராவது சொன்னால் மட்டும் நிதானித்துக் கேளுங்கள். பழைய ஏதென்ஸில் அரசுப் பொறுப்புகளில் இருந்த சாதாரணக் குடிமக்களுக்குப் படி கொடுத்தார்கள், அதனால்தான் கூலிக்காரர்களும் வந்து உட்கார முடிந்தது. கி.மு. 411ல் நானூறு பேர் கொண்ட செல்வந்தர் குழு ஒன்று அங்கே ஆட்சியைப் பிடித்தபோது, செய்த முதல் வேலைகளில் ஒன்று அந்தப் படியை நிறுத்தியது.